துணி கட்டிய மிளகாய்ப் பழம்

பக்கத்து வீட்டு மணி அக்கா கொழும்பிலுள்ள மகளிடம் போகும்போது, "கண்டுகளுக்குத் தண்ணி விடு தங்கச்சி. மிளகாய் வேணுமெண்டா பிடுங்கிச் சமை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பிடுங்கினேன். சிவப்புத் துணி கட்டிய கிளையில் நல்ல பழமாக மூன்று இருந்தன. அவிழ்ந்த துணியை, கண்ணூறுக்குக் கட்டியதாக்கும் என்று, பத்திரமாகத் திரும்பவும் கட்டிவிட்டேன்.

இன்று காலை அக்கா வந்தார். அந்தப் பழங்களைப் போட்டு இடித்த சம்பலோடு இடியப்பம் கொடுத்தேன்.

"விதைக்கெண்டு துணி கட்டி விட்ட பழத்தை ஆரோ மதிலேறிப் பிடுங்கிட்டினம். வேறை ஒருத்தரிட்டையும் இல்லாத இனம். அந்தக் கண்டும் இனிக் காய்க்காது" என்றார், இரண்டாம் தரம் சம்பலைப் போட்டுக்கொண்டே.

நான் சம்பல் கோப்பையை மெல்ல என் பக்கம் இழுத்தேன். அக்கா விடவில்லை.

"இதுவும் நல்ல உறைப்பு. எங்கை வாங்கினனீ? விதை கிடந்தா எனக்கும் கொஞ்சம் தாவன்."

"ஓம் அக்கா" என்றுவிட்டேன்.

மிஞ்சிய சம்பலில் நசியாத விதைகளைப் பொறுக்கிக் கழுவி வைத்திருக்கிறேன். உப்பும் தேசிப்புளியும் ஊறிய விதை முளைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்காவிடம் முகநூல் இல்லை. மகளிடம் இருக்கிறது. பிள்ளை, இதைப் பார்த்தால் அம்மாவிடம் சொல்லிப்போடாதே.