எத்தனை கிராம், மேடம்?

வாக்கியத்தின் நடுவில் பேராசிரியை நிறுத்திவிடுகிறார். கையில் சாக்பீஸ், கரும்பலகையில் பாதிச் சமன்பாடு, எதிரே ஒரு வகுப்பு நிறைய மாணவர்கள். எங்கோ ஒரு ஹெலிகாப்டர் போகிறது. தலையை லேசாகச் சாய்த்து, அது கட்டடத்தைத் தாண்டிப் போகும்வரை கேட்கிறார். "நாலு பிளேடு. அதுல ஒண்ணு மத்ததோட ஒத்துப் போகல. வீட்ல ஒருத்தர் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா மொத்த வீடும் எப்படி இருக்கும், அப்படி இருக்கு" என்கிறார். பிறகு விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்குகிறார். மாணவர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். பழகாதவர் அவருடைய கணவர்தான். அவர் பல் மருத்துவர். "கல்யாணம் ஆனதுல இருந்து நான் சொன்ன ஒரு கதையையும் இவ முழுசாக் கேட்டதில்ல. நடுவுல ஏதாவது ஒண்ணு பறந்துடும்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுகிறார்.

மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'காத்தாடி மேடம்'. அது அவருக்குத் தெரியாது என்று ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்கள் நம்புகிறார்கள். ஒருவன் விடைத்தாளில் ஆசிரியர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஞாபகப் பிசகாக அதையே எழுதிவிட்டான். அவர் அதை அடிக்கவில்லை. மதிப்பெண்ணைப் போட்டு, கீழே 'கா.மே.' என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். அந்தப் பையன் அடுத்த பருவம் முடியும்வரை கடைசி பெஞ்சை விட்டு நகரவே இல்லை.

ஆள் குள்ளம், நடை வேகம். பெரிய பைகள் வைத்த தொளதொளச் சட்டைதான் எப்போதும். ஒரு பையில் கண்ணாடி, இன்னொன்றில் சின்ன ஸ்க்ரூடிரைவர், மற்றதில் சாக்பீஸ் துண்டுகள். துவைக்கும்போது சாக்பீஸ் கரைந்து வீட்டுத் துணியெல்லாம் வெளுத்துப் போகிறது என்பது கணவரின் அடுத்த புகார்.

விமானப் பொறியியல் துறையில் ஹெலிகாப்டர் என்றால் மாற்றாந்தாய்ப் பிள்ளை மாதிரிதான். சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு ராக்கெட் வேண்டும், மீதிப் பேருக்கு ஜெட் வேண்டும். ஏன் இதைப் பிடித்துக்கொண்டீர்கள் என்று கேட்டால், "விமானத்துக்குப் பறக்கறதுன்னா இஷ்டம். ஓடுனா தானா எழும்பிடும். இது அப்படியா? ஒவ்வொரு பார்ட்டும் பிச்சுக்கிட்டு ஓடத்தான் பாக்குது. எல்லாத்தையும் சமாதானம் பண்ணி மேல கூட்டிட்டுப் போகணும்" என்கிறார். அவர் ஆராய்ச்சியைத் தொடங்கிய பணிமனையில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது. சாலையைக் கடந்து எதிரே இருந்த தபால் நிலையத்துக்குப் போய்விட்டு வருவார். அங்கே வேலை பார்த்த அக்காதான் அவருடைய ஆராய்ச்சிப் பட்டத்துக்கு முதலில் கை கொடுத்து வாழ்த்தியவர்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு சின்ன விஷயம். பிளேடு எனப்படும் சுழலும் இறக்கைகளில் ஒன்றின் எடை துளி மாறினாலும் ஹெலிகாப்டர் முழுவதும் நடுங்கும். உள்ளே இருப்பவரின் பற்கள் அடித்துக்கொள்ளும். சரிசெய்ய, இறக்கையின் அடியில் சிறிய உலோக எடைகளைப் பொருத்துவார்கள். எந்த இறக்கையில், எவ்வளவு? முன்பெல்லாம் போட்டுப் பார்த்து, பறந்து பார்த்து, இறங்கி மாற்றி, நாள் முழுக்க மல்லுக்கட்டுவார்கள். ஒரே பயணத்தில் எடுத்த நடுக்கத்தின் அளவுகளை வைத்துக் கணக்கைச் சொல்லிவிடும் முறையை இவர்தான் கண்டுபிடித்தார். இன்று பல பணிமனைகளில் அதுதான் வேதம். அளக்கும் கருவி குழப்பினால் நேராக இவருக்கே போன் செய்வார்கள். "எத்தனை கிராம், மேடம்?" இவர் காய்கறி நறுக்கிக்கொண்டே சொல்லிவிடுவார். சொல்லி முடித்ததும் முகத்தில் ஒரு மிதப்பு வரும். அதை அவர் மறைத்ததில்லை.

அப்படித்தான் மலையடிவாரத்து மருத்துவமனையிலிருந்தும் போன் வந்தது. மலைமேல் இருக்கும் ஊர்களிலிருந்து நோயாளிகளைக் கொண்டுவர அவர்களிடம் ஒரே ஒரு ஹெலிகாப்டர்தான் இருக்கிறது. அது மறுபடி ஆடுகிறது என்றார் பணிமனைத் தலைமை மெக்கானிக். அளவுகளைக் கேட்டு, பதிலைச் சொல்ல வாயைத் திறந்த மேடம் அப்படியே நின்றுவிட்டார். சில மாதங்களுக்குள் இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் அதே இறக்கை, அதே பக்கம். "நாளைக்கு நேர்ல வர்றேன். அதுவரைக்கும் கிளப்பாதீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

சாப்பிடும்போது கணவரிடம் கேட்டார். "பல்வலின்னு வர்றவனுக்கு வெறும் வலி மாத்திரைய மட்டும் குடுத்து அனுப்புவீங்களா?"

"குடுத்தா நல்லாத்தான் இருப்பான். சீழ் பிடிக்கிற வரைக்கும்."

"நான் ரெண்டு தடவ குடுத்து அனுப்பிட்டேன்."

பல் மருத்துவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

விஷயம் எளிது, அதனால்தான் பயங்கரம். ஒரே இறக்கை திரும்பத் திரும்ப எடை கேட்கிறது என்றால், குறை எடையில் இல்லை. அந்த இறக்கை தன் இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது; அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று விட்டுக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்ல அந்த இயந்திரத்துக்கு நடுக்கத்தைத் தவிர வேறு வாய் கிடையாது. அவருடைய முறை ஒவ்வொரு தடவையும் அந்த வாயைப் பொத்திவிட்டது.

மறுநாள் பணிமனையில் தலைமை மெக்கானிக்கும் மருத்துவமனையின் பெரிய டாக்டரும் காத்திருந்தார்கள். டாக்டருக்குப் பொறுமை இல்லை.

"மேடம், நீங்க கணக்கச் சொன்னா ஒரு மணி நேரத்துல கிளம்பிடும். பிளேடக் கழட்டினா ரெண்டு நாள் ஆகும்கறாங்க. மலையில இருந்து ரோடு வழியா வந்தா எத்தன பேர் தாங்குவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் டாக்டர். ஆனா கணக்கு சொல்ல மாட்டேன்."

"வெளிய பாத்தாச்சு மேடம், எந்தக் குறையும் தெரியல. உங்க முறைப்படிதான் எல்லாம் பண்ணிருக்கோம்" என்றார் மெக்கானிக், சற்று மனத்தாங்கலோடு.

"அந்த முறைலதான் ஓட்டை இருக்கு."

வாழ்நாள் உழைப்பை வெளியாட்கள் முன்னால் ஓட்டை என்று சொல்வது லேசான காரியமில்லை.

"உள்ள கெட்டுப் போயிருக்குன்னு நிச்சயமா சொல்றீங்களா?" என்றார் டாக்டர்.

"நிச்சயமாச் சொல்ல முடியாது. கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

கழற்றினார்கள். பாதி வேலையில் டாக்டரின் போன் அடித்தது. மலைமேல் ஒருவருக்கு மாரடைப்பு. "ஹெலிகாப்டர் இல்ல. ரோடு வழியாவே கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் மேடத்தைப் பார்த்தார். அவரும் பார்வையை விலக்கவில்லை. உள்ளே எல்லாம் சரியாக இருந்துவிட்டால் அந்த நோயாளிக்கு என்ன பதில் சொல்வது என்ற ஒரே எண்ணம்தான் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

இறக்கையை நடுத்தண்டோடு பிடித்து வைத்திருப்பது ரப்பரும் உலோகமும் அடுக்கடுக்காக ஒட்டிய ஒரு பேரிங். அதைத்தான் மெக்கானிக் வெளியே எடுத்தார். துடைத்தார், திருப்பினார். பிறகு விரல் நகத்தை ஓரத்தில் வைத்து நெம்ப, ஒரு அடுக்கு பழத்தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே பாதி வரைக்கும் ஒட்டு விட்டிருந்தது. டாக்டர் அந்தப் பேரிங்கைக் கையில் வாங்கி, திருப்பிக் கொடுத்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்க" என்றார்.

"எல்லாப் பணிமனைக்கும் நானே சொல்லிடறேன்" என்றார் இவர், மெக்கானிக்கிடம். "ஒரே பிளேடு மறுபடி எடை கேட்டா போடாதீங்க, கழட்டுங்கன்னு. நான் கத்துக் குடுத்தத நானேதான் திருத்தணும்."

மாரடைப்பு வந்தவர் அன்று மாலை சாலை வழியாகவே உயிரோடு வந்து சேர்ந்தார். சேதி தெரிந்த பிறகுதான் இவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த ஹெலிகாப்டரை ஓட்டும் விமானி ஒரு தம்ளரில் டீ கொண்டுவந்து நீட்டினான். மகன் வயது இருக்கும். அவனுக்கு அவரைப் பார்த்துப் பெருமை தாங்கவில்லை.

"உங்கள மாதிரி யாராலயும் முடியாது மேடம். போன வாரம் கூட ஒரு நிறைமாசப் பொண்ணக் கூட்டிட்டு வந்தோம். நீங்க ரெண்டாவது தடவ கிராம் சொல்லிப் போட்டதுக்கு அப்புறம்தான். வண்டி அலுங்கல, குலுங்கல. அந்தப் பொண்ணு வழியெல்லாம் தூங்கிட்டே வந்துச்சு."

அவர் டீயைத் தரையில் வைத்தார். அவனுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அவன் குனிந்தான். அவர் கண் கழற்றி வைத்திருந்த அந்தப் பேரிங்கின் மேல் இருந்தது. மெக்கானிக்கும் டாக்டரும் பார்த்துக்கொண்டிருக்க அவன் கூச்சத்தில் நெளிந்தான். அவர் பிடியை விடவில்லை.