புல் வெட்டும் மெஷினின் ரப்பர் குமிழ்

மனைவியின் முதலாண்டு நினைவு ஜெபம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில்தான் விளைப் பக்கம், அதாவது வீட்டுத் தோட்டத்துப் பக்கம், போய்ப் பார்த்தேன். அவள் கல்லறையே கண்ணில் படவில்லை. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, எல்லையோரத்தில் இருக்கும் எங்களுக்கு, வீட்டை ஒட்டிய சொந்த விளையிலேயே அடக்கம் செய்வது வழக்கம். மழையில் புல் இடுப்புயரம் வளர்ந்து சிலுவையையும் மூடியிருந்தது. அடுக்களை வாசலிலிருந்து ஐம்பது அடிகூட இருக்காது. இத்தனை நாள் எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

பக்கத்து வீட்டு மலையாளத்துப் பெண் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "அண்ணா, ஆளை விளிச்சா அர மணிக்கூர்ல வெட்டித் தருவான்" என்றாள். வேண்டாம் என்றேன். எவனோ ஒருவன் பூட்ஸ் காலோடு என் மனைவி மேல் ஏறி நின்று வெட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான்தான் வெட்ட வேண்டும்.

தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெஷின் ஒரு வருஷமாகச் சும்மா கிடந்தது. அதில் கார்புரேட்டருக்கு அடியில் ஒரு ரப்பர் குமிழ் உண்டு. விரலால் அமுக்கினால் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொண்டுவரும். பிரைமர் பல்பு என்பார்கள். அமுக்கினேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. எட்டு வருஷமாக அதை அமுக்குவது என் மனைவி வேலை, கயிற்றை இழுப்பது என் வேலை. "ஏழு தரம் அமுக்கறதுக்கு இவ்வளவு நேரமா?" என்று ஒவ்வொரு தடவையும் கத்துவேன். அவள் பாட்டுக்குக் குனிந்து வேலையை முடித்துவிட்டு விலகுவாள்.

பஸ் பிடித்துத் திருவனந்தபுரத்தில் ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போய் புது பல்பு வாங்கினேன். கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். "அண்ணாச்சி, இதுல ரெண்டு மூக்கு இருக்கு பாருங்க. நீளமானது டேங்குக்குத் திரும்பற குழாய்க்கு, குட்டை கார்புரேட்டருக்கு. மாத்திட்டியன்னா வெறும் காத்துதான் அடிக்கும்" என்றார். தெரியும் தெரியும் என்று வாங்கி வந்து, அப்படியே மாற்றித்தான் சொருகினேன்.

நாற்பது தரம் அமுக்கியும் பல்பு காலியாகவே இருந்தது. என்னை நானே வைதுகொண்டு கழற்றினேன். குழாய்களின் நுனி விறைத்து வெடித்திருந்தது, அரை அங்குலம் நறுக்கிவிட்டு இடம் மாற்றிச் சொருகினேன். இப்போது பெட்ரோல் ஏறிக் குமிழ் நிரம்பியது. அப்பாடா என்று கயிற்றை இழுத்தால், ஒரு இருமல்கூட இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பெட்ரோலை மாற்றிப் பார்த்தேன். சனிக்கிழமை மத்தியானமாகிவிட்டது. இழுத்து இழுத்துத் தோள் கழன்றுபோக, மெஷினைத் தூக்கி வீசப் போனேன். வீசவில்லை. படியில் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டேதான் அழுதேன், வீட்டில் யார் இருக்கிறார்கள் கேட்க.

மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து, மெஷினைக் குனிந்து பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னாள்:

"அண்ணா, அந்தச் சிவப்பு லிவரை மேல தூக்கலியே. சேச்சி ஆத்யம் அதைத் தூக்கி வெச்சிட்டில்லே பட்டனை அமுக்கும்? ஸ்டார்ட் ஆயி, அண்ணன் தோள்ல பெல்ட் இடும்போ, தாழ்த்தி விடும்."

சோக். குளிர்ந்து கிடக்கும் இன்ஜினுக்கு முதலில் காற்றை அடைத்துக் கொடுக்க வேண்டும். மெஷின் வாங்கிய அன்று கடையில் இதைச் சொல்லிக் கொடுத்தபோது நான் வெளியே நின்று போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவிதான் கேட்டுக்கொண்டாள். எட்டு வருஷத்தில் ஒருநாள்கூட என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்திருப்பேன். அது அவளுக்குத் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அவள் இல்லையே என்றிருந்தது.

லிவரைத் தூக்கி வைத்தேன். மூன்றாவது இழுப்பில் உறுமியது. தாழ்த்தியும் விட்டேன். பொழுது சாய்வதற்குள் விளை முழுவதும் வெட்டினேன். கல்லறையைச் சுற்றி மட்டும் மெஷினை நிறுத்திவிட்டுக் குனிந்து அரிவாளால் அறுத்தேன்.

மறுநாள் ஜெபம் முடிந்து எல்லாரும் போனபின், வெளிநாட்டிலிருக்கும் மகள் வீடியோ காலில் வந்தாள். கல்லறையைக் காட்டினேன்.

"சுத்தமா இருக்குப்பா. எப்பவும் போல நீங்களே தனியா வெட்டினீங்களா?"

"இந்தத் தடவைதான் தனியா" என்றேன்.