இன்டர்வியூவுக்குத் தைத்த ஜாக்கெட்

நாளை மறுநாள் எனக்கு மதுரையில் இன்டர்வியூ. "ஃபார்மல் உடையில் வரவும்" என்று மெயில் போட்டிருக்கிறார்கள்.

ஆணாக இருந்தால் கடையில் ஒரு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். நானோ காட்டன் சேலை எடுத்துத் தொலைத்துவிட்டேன். அதற்கு ஜாக்கெட் தைத்தாக வேண்டும்.

காலையில் கோவில்பட்டியில் எங்கள் தெரு டெய்லர் அக்காவிடம் துணியை நீட்டினேன்.

"ஏட்டி, பத்து நாளாவும். முகூர்த்தத் துணி குமிஞ்சு கெடக்கு, பாக்கேல்லா?"

"அக்கா, நாளன்னைக்கி எனக்கு இன்டர்வியூ."

"இன்டர்வியூதான? பழசு எதையாச்சும் போட்டுட்டுப் போ. பொண்ணு பாக்க வாராவன்னா சொல்லு, இன்னைக்கே தச்சித் தாரேன்."

எனக்கு வந்த எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னேன். "ஆமாக்கா, இன்டர்வியூ முடிஞ்ச கையோட பொண்ணு பாக்கவும் வாராவ."

அவ்வளவுதான். சாயங்காலமே ஜாக்கெட் தயார்.

பின்கழுத்தை ஏற்றி வையுங்கள் என்று நான் சொன்னது காற்றோடு போயிற்று. முதுகில் பெரிய ஜன்னல். அதற்கு மேலே ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் முத்து வைத்த இரண்டு குஞ்சலம்.

"குஞ்சலம் நானா வச்சது. அவிய அசந்து போவாவ பாரு!"

குஞ்சலத்தைப் பிரித்துவிடலாம். ஜன்னலை என்ன செய்ய?

வீடு வந்து சேர்வதற்குள் நாலு பேர் நிறுத்திக் கேட்டுவிட்டார்கள், மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று.

வேலை எந்த ஊரில் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்களேன்.