இடது முட்டிச் சில்லு

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள். நடந்தது எனக்குத்தான். மருத்துவக் கல்லூரியில் பதினாறு வருடமாக எலும்புக்கூடு கட்டுகிறேன். பேய் என்று யாராவது வாயெடுத்தால் முதலில் கிண்டலடிக்கிற ஆள் நான்.

அன்றைக்குக் கட்டிய கூட்டில் இடது முட்டிச் சில்லு மட்டும் இல்லை. அந்தச் சில்லு வேறெந்த எலும்போடும் ஒட்டியிருக்காது. தசைநாருக்குள் கிடந்து, கயிற்றுக்குக் கப்பி உதவுகிற மாதிரி காலை நீட்ட உதவும். தனியாகக் கிடப்பதால் அடிக்கடி தொலையும். தொலைந்தால் மெழுகில் செய்து வைக்க வேண்டும். ஒருவர் எலும்பை இன்னொருவருக்கு வைக்கக் கூடாது, அது எங்கள் தொழிலில் கண்டிப்பு. ஆனால் மறுநாள் சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்கள். மெழுகு உருக்க நேரமில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று, யாருடையதென்று தெரியாத எலும்புகள் கிடக்கும் உதிரிப் பெட்டிக்குள் கையை விட்டேன்.

முட்டிச் சில்லைக் கூர்முனை எதிர்ப்பக்கம் பார்க்க மேசையில் வைத்தால், எந்தக் காலுடையதோ அந்தப் பக்கம் சாயும். நான் எடுத்தது இடப்பக்கம் சாய்ந்தது. பழைய சில்லு, நன்றாகத் தேய்ந்தது. கம்பி போட்டு இறுக்கினேன். மதியம் 2.10.

2.15. மனைவி போன் செய்தாள்.

"நம்ம பொண்ணு குட்டி விழுந்துட்டா. இடது காலை நீட்ட முடியல. துடிக்கிறா."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இதோ வர்றேன்."

பையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். கிறீச்... கொக்கியில் தொங்கிய கூட்டின் இடது கால் முன்னால் நீண்டிருந்தது. காற்று இல்லை. மின்விசிறியும் ஓடவில்லை.

கால் மெல்ல மடங்கியது... மறுபடி நீண்டது.

2.20. மறுபடி போன்.

"என்னங்க... முட்டி குழிஞ்சு கிடக்கு. உள்ள எலும்பே இல்லாத மாதிரி இருக்கு."

எனக்கு உயிரே போய்விட்டது. கம்பி வெட்டும் குறடால் சில்லின் கம்பியை வெட்டப் பார்த்தேன். வெட்டுப்படவில்லை. சில்லைத் தொட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

"தப்பு என்னோடது. அவ ஒன்பது வயசுப் பிள்ள. விட்டுடு... கும்பிடுறேன்."

கால் நின்றது. கம்பி அறுந்தது. சில்லைப் பெட்டியில் போட்டு மூடினேன். 2.31.

போன்.

"காலை நீட்டிட்டா. எழுந்து நிக்கிறா."

தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் மாறிப்போச்சு. இது எழுபது வயசுக்காரங்க முட்டிச் சில்லு."

மூன்று முறை எடுத்தார்கள். மூன்றிலும் அதேதான்.

ஓடிப்போய் உதிரிப் பெட்டியைக் கொட்டினேன். பழைய சில்லைக் காணோம். அடியில் சின்னதாக ஒரு சில்லு... இடது. இன்னும் ஈரம்.

இதை எந்த டாக்டரிடம் கொண்டுபோவேன்? என்னவென்று சொல்வேன்?

கல்லூரிப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். எங்களிடம் இதுவரை ஒரு குழந்தையின் உடல்கூட வந்ததில்லை.