சிலேட்டும் மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரும்

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆறாம் வகுப்புக்கு லாரி ஓடும் பெரிய ரோட்டைத் தாண்டவேண்டும். பெண்பிள்ளைக்கு அது வேண்டாம் என்றார் அப்பா. அம்மா என் சிலேட்டை உப்புப் பானைக்கு மூடியாக்கினாள். எழுதியதெல்லாம் உப்பில் கரைந்துவிடும் என்று அழுதேன். பிறகு அழுகையும் மறந்துபோனது, என் மகளுக்குக் கல்யாணமும் ஆனது.

செல்போன் எங்கள் தெருவுக்கு அப்போதுதான் வந்திருந்தது. மாப்பிள்ளை எளாவூரில் எங்களோடுதான் இருந்தார். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. ஆந்திரா எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் அது அதிசயமில்லை. நானோ அவர் முகம் பார்த்துப் பேசமாட்டேன். சோறு ஆகிவிட்டது என்பதைக்கூடக் கோழியிடம்தான் சொல்வேன். அவர் எழுந்து கை கழுவுவார்.

லாரி எடை மேடையில் வெயிலில் நின்று வண்டிகளை ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. அங்கே ஆபீஸில் பிஸ்கட் டப்பா அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ஓடாமல் கிடந்தது. திங்கட்கிழமைக்குள் அதை ஓடவைத்தால் உள்ளே நாற்காலியில் உட்காரலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதைத் திரையோடு வீட்டுக்கே தூக்கிவந்து, உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, லினக்ஸ் என்று வேறொன்றைப் போட்டார் மாப்பிள்ளை.

எந்த மொழி என்று கேட்ட இடத்தில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து இருந்தனவாம். ஒரு தடவை தெலுங்கில்தான் பார்ப்போமே என்ற ஆசையில் கை தவறித் தமிழைத் தொட்டுவிட்டார். எல்லாம் தமிழாக வந்து நின்றது. குத்துமதிப்பாக எதையோ அமுக்கினார், பெட்டி அணைந்தது. மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. மகளோ கம்பெனியில் ஷிஃப்டில் இருந்தாள்.

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அவர் அமுக்கியது தெரிந்தது. மூன்றாம் முறையும் திரையில் அம்பு அங்கேயே போனது. சமயத்துக்குக் கோழியும் இல்லை.

"அது வாணாம். நிறுத்துன்னு போட்டுக்கீது" என்றேன், சுவரைப் பார்த்து.

அவர் திரும்பவில்லை, திரும்பினால் நான் ஓடிவிடுவேன் என்று தெரியும். "மொழின்னு எங்கனா கீதா, அத்தே?"

"மேலருந்து ரெண்டாவது."

நீளமாக ஒரு பட்டியல் இறங்கியது. "ஆபீஸுக்கு இங்கிலீஷ்தான் வேணும், அது எங்க கீது?" என்றார். பள்ளியில் மனப்பாடம் செய்த அதே வரிசை. ஆவன்னா மேலேயே இருந்தது. கதவை விட்டு எப்போது வந்தேனோ, அவர் தோளுக்கு மேலாக நீட்டிய என் விரல் 'ஆங்கிலம்' மேல் இருந்தது. சற்று நேரத்தில் திரை முழுக்க ஆங்கிலமானது. இனி நமக்கு ஒன்றும் புரியாது என்று திரும்பக் கதவுக்குப் போனேன்.

"எங்கத்தே படிச்சவங்கன்னு எனக்கு யாருமே சொல்லல" என்றார் மாப்பிள்ளை, கம்ப்யூட்டரிடம். "நம்ம ஊட்டுக்கு ஒண்ணு வாங்கினா தமிழ்லயே உட்டுடலாம்."

அந்த வாரத்திலிருந்து அவர் சட்டை முதுகில் உப்புப் பூத்து வருவது நின்றது.

சிலேட்டைப் பார்த்து அழுத பத்து வயதுக்காரிக்கு, எழுத்து சிலேட்டில் இல்லை என்பது தெரிந்திருக்கவில்லை.