மாமாவின் மோரிஸும் ஒரு துண்டு ரப்பரும்

போன வாரம் சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் காரை விட்டிருந்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. எண்ணெய் எங்கே ஊற்றுவது, தண்ணீர் எங்கே ஊற்றுவது என்று இன்னும் என் மகனைத்தான் கேட்கிறேன். பட்டறைக்காரர் எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு குழாயைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"பெட்ரோல் ஓஸ் ரோசாக்லா ஆன்ட்டி, கெட்டுப்போச்சு. பாருங்க, எப்படி உப்பிப் போயிருக்கு. நடுரோட்டுல நின்னுருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

குழாய் விரலில் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. ரப்பர் வாடை தனியாக வந்தால் எனக்கு ஒன்றும் செய்யாது. உறைந்த ரப்பர் கட்டிப்பால் ஏற்றிய லாரி எதிரே போனால் என் பிள்ளைகள் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள், நான் திருட்டுத்தனமாக ஒருமுறை மூச்சை இழுத்துக்கொள்வேன். அந்த நாற்றத்தில் வளர்ந்தவள், வேறென்ன சொல்ல. பெட்ரோல் வாடையும் தனியாக இருந்தால் பரவாயில்லை. இரண்டும் கலந்து வந்தால்தான் எனக்கு ஆகாது. அப்போது நான் தம்பின் பக்கத்து எஸ்டேட்டில், சூசை மாமாவின் மோரிஸ் மைனர் காருக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

சூசை மாமா அம்மாவின் தம்பி. எஸ்டேட்டில் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எஸ்டேட் கணக்கு எழுதும் எங்கள் கிராணி புதுக் கார் வாங்கியபோது அவருடைய பழைய மோரிஸை மாமா வாங்கிக்கொண்டார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கார் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் அது மாமாவின் கார் என்று ஒருவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், "சூசை, காரை எடு" என்று ஒரு குரல் கேட்கும். மாமாவும் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவருவார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அப்பாவும் மாமாவும் அந்தக் காருக்கு அடியில் படுத்துவிடுவார்கள். இருவருக்கும் மெக்கானிக் வேலை தெரியாது. கழற்றிப் பார்ப்பார்கள், துடைப்பார்கள், மாட்டுவார்கள். மாட்டி முடித்த பிறகு எப்போதும் ஏதாவது ஒரு திருகாணி தரையில் மிச்சம் கிடக்கும்.

"இது எங்கருந்து வந்துச்சு மச்சான்?" என்பார் அப்பா.

"மிச்சம் வந்தா அது வேண்டாத சாமான்லா," என்பார் மாமா. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு அதை ஒரு டின்னில் போட்டு வைப்பார்கள்.

எஸ்டேட்டில் எது கெட்டுப்போனாலும் எங்களிடம் இருந்த ஒரே வைத்தியம் ரப்பர்தான். வாளி ஒழுகினால் ரப்பர், கட்டில் ஆடினால் காலுக்கடியில் ரப்பர், செருப்பு அறுந்தால் ரப்பர். அப்பாவுக்கு வேலையும் புகைக்கூடத்தில்தான். ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டுப் புகை போடுகிற வேலை. வீணாய்ப் போன துண்டுகளைக் கொண்டுவருவார். மோரிஸில் கண்ணாடி ஆடாமல் இருக்க, கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க, தரையில் இருந்த ஓட்டையை மூட என்று அந்தக் காருக்குள் ரப்பர் போகாத இடம் இல்லை. வெயிலில் நின்றால் புகைக்கூடம் மாதிரியே வாடை அடிக்கும். நான் அப்போது செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, வார நாளில் அங்கேயே தங்கியிருந்தேன். அந்தக் காரில் ஏறி இறங்கினால் என் சீருடையிலும் அந்த வாடை ஒட்டிக்கொள்ளும், கூட வேலை செய்கிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அது பெரிய மானக்கேடாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் கார்புரேட்டரின் மூடியில் பெட்ரோல் கசிந்தது. மூடிக்கு அடியில் இருந்த வளையம் பிய்ந்து போயிருந்தது. அந்தப் பழைய காருக்குச் சாமான் சிரம்பானில் சொல்லி வைத்துத்தான் வரவழைக்க வேண்டும். அப்பாவுக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. "நம்மகிட்ட இல்லாத ரப்பரா?" என்று சொல்லி ஒரு ஷீட்டுத் துண்டைத் தொடைமேல் வைத்து, பழைய வளையத்தைப் பார்த்துப் பார்த்து பிளேடால் வெட்டினார். அழகாக வெட்டினார். மாட்டியதும் கசிவு சுத்தமாக நின்றுவிட்டது. பெட்ரோலில் ரப்பர் உப்பி அடைத்ததால்தான் கசிவு நின்றது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. மாமா அப்பாவின் முதுகில் தட்டினார், நான் இரண்டு பேருக்கும் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதில் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. கையில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பால் போகாவிட்டால் நாங்கள் பெட்ரோல் தொட்டுத்தான் துடைப்போம். பெட்ரோல் பட்டால் பால் இளகிக் கூழாகி உருண்டு வந்துவிடும். லயத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். தினமும் செய்கிற வேலை. அன்றைக்கு ஒருத்தருக்கும் அந்த ஞாபகம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்திருந்தேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். வேர்த்துக் கொட்டியது. மாமா காரை எடுத்தார். பின்சீட்டில் அம்மாவின் மடியில் அப்பாவின் தலை. நான் முன்னால் உட்கார்ந்தேன். செம்மண் சாலையைத் தாண்டுவதற்குள் கார் இருமியது, இழுத்தது, நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ரப்பர் மரம், வேறொன்றும் இல்லை.

"மூடியத் தொறந்து பாரு மச்சான்," என்று அப்பாதான் பின்சீட்டிலிருந்து சொன்னார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

மாமா திறந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அப்பா வெட்டிய வளையம் அங்கே இல்லை. பழுப்பாக, கோந்து மாதிரி ஏதோ உள்ளே முழுக்க இழுபட்டது. மாமா தன் சட்டையைக் கழற்றித் துடைத்தார். விரலை விட்டுத் தோண்டினார், வாயை வைத்து ஊதினார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. ஒருமுறை கார் உயிர்பெற்றுக் கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. கடைசியில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அப்பாவை அதில் தூக்கி ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார்.

காரை இழுத்து வந்த டிராக்டர்காரர் மூலம் ரப்பர் கரைந்து கார் நின்ற செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்ததும், அத்தனை பேர் முன்னால் அம்மா கேட்டாள்:

"அதுல ரப்பர வெட்டி வச்சது யாரு?"

"நான்தான்க்கா," என்றார் மாமா. "எம் புத்தி அப்படிப் போயிருச்சு."

"இனிமே எம் மூஞ்சில முழிக்காத."

மாமா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். வந்தவர்கள் கலைந்ததும் அம்மாவிடம் போய், வெட்டியது மாமா இல்லை, அப்பாதான் என்று சொன்னேன். அம்மா அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டி. பிளேட எடுத்துக் குடுத்ததே நான்தான்."

"அப்புறம் ஏம்மா மாமாவ?"

"குழிக்குள்ள கெடக்குற மனுசன என்னன்னு ஏசுறது? இவன் உசுரோட இருக்கான். தாங்குவான்."

தாங்கினார். மாமா அதன்பிறகு அந்தக் காரைத் தொடவில்லை. எஸ்டேட் முழுக்கப் புல்லைக் கருக்கியவர், காரைச் சுற்றி மட்டும் புல்லை வளரவிட்டார். கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. அம்மா அவரோடு பேசவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் எங்கள் குசினிப் படியில் மரவள்ளிக்கிழங்கோ கீரையோ இருக்கும். யார் வைத்தது என்று அம்மா கேட்கமாட்டாள். எடுத்துச் சமைப்பாள்.

எஸ்டேட்டை விற்றார்கள். நாங்கள் அம்பாங்கானுக்கு வந்தோம், மாமா கெமாஸில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். அங்கிருந்தும் சனிக்கிழமை வந்தார். விடிந்ததும் வாசல் கம்பிக் கதவில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிவிட்டு, மணியை அடிக்காமல் போய்விடுவார். ஒருமுறை அவரை ஓடிப் பிடித்து உள்ளே கூப்பிட்டேன். "வேணாம் பாப்பா. அக்கா எழுந்துருக்கும்," என்றார்.

போன வருடம் மாமா செத்துப்போனார். அம்மா வந்தாள், சவப்பெட்டியைத் தொடவில்லை, அழவில்லை. வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"ரப்பர்லயே பொறந்து வளந்த ஆளுதானே? பெட்ரோலுக்கு ரப்பர் ஆவாதுன்னு தெரியாதா ஒனக்கு? அறிவு கெட்ட மனுசா, எந் தம்பிய என்கிட்டருந்து பிரிச்சிட்டியே!"

அத்தனை வருடத்தில் அப்பாவை அம்மா ஏசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

எஸ்டேட் இருந்த இடத்தில் இப்போது வீடுகள் வரிசையாக நிற்கின்றன. லயம் இல்லை, புகைக்கூடம் இல்லை. மோரிஸைப் பழைய இரும்புக்காரன் வெட்டி எடுத்துப் போனான் என்று கேள்வி. பட்டறையிலிருந்து வந்து நான் சோப்பு போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினேன். மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் அம்மா வழக்கம்போல எழுந்து போய்க் கதவைத் திறந்து, வெறும் கம்பியைப் பார்த்துவிட்டு மூடினாள்.