திறந்துடும், கவலைப்படாதீங்க

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் பட்டப்பெயர் ‘சாவி’. தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியாமல் தவிப்பவர்களுக்குப் போனில் வழி சொல்வது அவர் வேலை. பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு சாவி ஃபைல் இருக்கும். அது பொருந்தாவிட்டால் ‘அனுமதி இல்லை’ என்று திரை முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். பதினெட்டு வருஷமாக இவருடைய முதல் கேள்வி ஒன்றேதான்: “சாவி ஃபைலை எல்லாரும் படிக்கிற மாதிரி வச்சிருக்கீங்களா? அப்படியிருந்தா ஏத்துக்காதுங்க.” பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும், மீதிப் பேருக்குப் புதுச் சாவி. “திறந்துடும், கவலைப்படாதீங்க” என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அலமாரிச் சாவியை மட்டும் தினமும் தேடுவார், மகராசன்.

இவருடைய அண்ணனுக்குப் போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன். குரல் போய்விடும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டதால், மகளுக்காக நாற்பத்தோரு கதைகளைத் தன் குரலில் பதிவு செய்தார். “பத்திரமா இருக்கணும்டா” என்றார் தம்பியிடம். இவரும் வாடகைக்கு எடுத்த ஒரு தூரத்துக் கம்ப்யூட்டரில், வேறெங்கும் பிரதி வைக்காமல் கதைகளை ஏற்றி, பாஸ்வேர்டு வழியை அடைத்து, உள்ளே இருப்பதை வாடகைக் கம்பெனியே படிக்க முடியாதபடி பூட்டி, ஒரே சாவியை அண்ணனின் லேப்டாப்பில் வைத்தார். எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது என்று பெருமை வேறு.

மகளின் ஒன்பதாவது பிறந்தநாளில்தான் முதல் கதை என்று அண்ணன் சிலேட்டில் எழுதிக் காட்டியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டில் கூடினோம். லேப்டாப் புதிது. அண்ணன் ஃபைல்களை இதற்கு மாற்றிவிட்டு, பழையதில் இருந்ததையெல்லாம் அழித்துக் கடையில் கொடுத்திருந்தார். பிள்ளை ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

‘அனுமதி இல்லை’ என்று வந்தது.

“இதெல்லாம் ஒரு விஷயமா” என்று இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். புதுச் சாவி செய்யும் கட்டளையை விரல்கள் தாமாகவே தட்டின. பழைய சாவி இருக்கிறது, அதன் மேலேயே எழுதவா என்று திரை கேட்டது. ஆமாம் என்று தட்டினார்.

தட்டிய பிறகுதான் முகம் வெளுத்தது. புதுச் சாவியை அங்கே சேர்ப்பதற்கும் உள்ளே போகவேண்டும். உள்ளே போகப் பழைய சாவி வேண்டும்; அதுதான் இப்போது அழிந்துபோயிருந்தது.

“சாவி நல்லாத்தான் இருந்திருக்கு. மாத்தினப்போ எல்லாரும் படிக்கிற மாதிரி ஆயிருக்கு, அவ்வளவுதான்” என்று என்னிடம் முணுமுணுத்தார். “முதல் கேள்விய நான் கேக்கவே இல்ல.”

“ஊருக்கெல்லாம் கேப்பீங்களே!” என்று கத்திவிட்டேன். கத்தியதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். வாடகைக் கம்பெனிக்குப் போன் செய்தார். எங்களால் முடியாது, நீங்கள்தானே பூட்டினீர்கள் என்றார்கள்.

அண்ணன் சிலேட்டை நீட்டினார்: ‘திறந்துச்சா?’

இவர் தலை நிமிரவில்லை. அண்ணன் தம்பியைப் பார்த்தார். பிறகு எழுதியதை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

பிள்ளை ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். “சித்தப்பா, இன்னும் ஒண்ணும் கேக்கல.”

“திறந்துடும், கவலைப்படாதீங்க” என்றார் இவர், அந்த ஒன்பது வயதுப் பிள்ளையிடம்.